வளர்வதற்கு விட்ட துணி

வியாழக்கிழமை மத்தியானம் மூன்றேகால் மணிக்குக் கத்திரியின் மகள் ஒரு சட்டைக்குள் காணாமல் போனாள்.

தலை வெளியே வந்தது. கை வரவில்லை. அரைக்கைச் சட்டையின் கை, முழங்கையைத் தாண்டி மணிக்கட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. கீழ்விளிம்பு முட்டியைத் தொட்டது. மூன்றாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை அது. இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "அம்மா, இதுக்குக் கீழ பாவாடை எதுக்கும்மா?" என்று கேட்டது.

ஓடிக்கொண்டிருந்த ஏழு தையல் மெஷினும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன.

"எட்டாவது படிக்கிற யாரோட சட்டையோ மாத்தி எடுத்துட்டேன்போல" என்று கத்திரி காலரைத் திருப்பிப் பார்த்தாள். உள்ளே தைத்திருந்த நம்பர் அவள் மகளின் நம்பர்தான். இன்னொரு சட்டையை உருவினாள். அதுவும் அப்படியே. கட்டைப் பிரித்துப் பத்துச் சட்டை பார்த்தாள். பத்துமே அளவு கடந்து விரிந்து கிடந்தன. சுவரோரம் அடுக்கியிருந்த இருநூற்றுப் பதினாலு சட்டையையும் திரும்பிப் பார்த்தாள்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அளவு பார்க்க அதிகாரி வருகிறார்.

கத்திரி என்பது அவள் பெற்றோர் வைத்த பெயர் இல்லை. நகரத்துக்குப் போகிற சாலையில் இருக்கும் துணிக் கம்பெனியில் பதினோரு வருஷம் கட்டிங் மேசையில் நின்றவள். நூல் பிசகாமல் வெட்டுவாள் என்று அங்கே பெயர் வாங்கி, அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. எட்டு மாதத்துக்கு முன்னால் அந்த வேலையை விட்டுவிட்டுத் தெருப்பெண்கள் பதினோரு பேரோடு சேர்ந்து குழு ஆரம்பித்தாள். வாரம் ஒருமுறை கூடுவது, சிறுகச் சேர்ப்பது, தைப்பது. இடம் கொடுத்தது ஊராட்சி. பழைய கால்நடை மருந்தகம். மாடு கட்டுகிற இரும்பு வளையங்கள் இன்னும் சுவரில் இருந்தன. அவற்றில்தான் நூல்கண்டுப் பைகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். மழை பெய்தால் மட்டும் எங்கிருந்தோ மருந்து வாடை எழுந்து வரும்.

அதுவரை பள்ளிக்கூடத்துச் சீருடையெல்லாம் வெளியூர் ஆள் கொண்டுவந்து இறக்குவதுதான். பாதி வருஷம் போனபிறகு வரும். போட்ட மறுநாள் பொத்தான் கையோடு வரும். இந்த வருஷம் ஊராட்சித் தலைவர் கூட்டத்தில் எழுந்து, "நம்ம புள்ளைங்களுக்கு நம்ம பொம்பளைங்க தைக்கட்டும்" என்றார். முன்னாள் பஸ் கண்டக்டர் அவர். பேசினால் கடைசி சீட்டு வரைக்கும் கேட்கும். ஒன்பது உறுப்பினர்களில் ஐந்து பேர் கை தூக்கினார்கள். தூக்காத நாலு பேரும் ஒரு நிபந்தனை போட்டார்கள்: மேலிடத்து அதிகாரி வந்து அளவு பார்த்து 'சரி' என்று எழுதினால்தான் வேலை குழுவுக்கு. இல்லையென்றால் பழையபடி வெளியூர் ஆள்.

அன்றைக்குக் கத்திரி எழுந்து நின்று, "கம்பெனி அளவுல வருங்க. ஒரு நூல் மாறாது" என்று சொன்னாள். சொல்லியிருக்கவே வேண்டாம்.

"யார் செஞ்சது இது?" என்று கேட்டாள் இப்போது.

ஓவர்லாக் அக்காகூடப் பேசவில்லை. துணியின் ஓரம் பிரியாமல் அடிக்கிற ஓவர்லாக் மெஷின் அவளுடையது. அது நின்றாலும் அவள் வாய் நிற்காது என்பதால் பெயர் இரண்டுக்கும் பொருந்தியது. அவளே வாயை மூடிக்கொண்டாள் என்றால் விஷயம் பெரிசுதான்.

"அளவு எடுத்தது யாரு?"

"நான்தான்க்கா" என்றாள் சின்னவள். கத்திரியின் கொழுந்தன் பெண்டாட்டி. ஒரே வாசலில் இரண்டு அடுப்பு. "வகுப்பு வகுப்பா போய் நானே எடுத்தேன். பள்ளிக்கூடத்துக்கு வந்த நர்சம்மா எழுதி வச்ச அளவு வேணாம்னுட்டேன். அந்தம்மா புள்ளைங்கள மூட்டை அளக்கற மாதிரி அளக்குது."

"சரியாத்தான எடுத்த?"

"சரியாத்தான்..." சின்னவள் முந்தானையை முறுக்கினாள். "டேப்புக்குள்ள ரெண்டு விரல் விட்டு எடுத்தேன். வளர்ற புள்ளைங்கதானக்கா."

"ரெண்டு விரல்னா ஒன்றரை அங்குலம்டி. ஆனா இது நாலு அங்குலம் தொங்குதே?"

மூலையிலிருந்து மெல்லக் கனைத்தாள் ஓவர்லாக் அக்கா. "நாங்க தைக்கறவங்க, பிடிக்க வேண்டிய ஓரத்துல பாதிதான் பிடிச்சோம். இறுக்கிப் பிடிச்சா புள்ளைக்கு அக்குள்ல அறுக்கும்ல? வளர்ற புள்ளைங்க."

"எல்லாருமா?"

ஏழு மெஷின்காரிகளும் தலையை ஆட்டினார்கள். ஒருத்திக்கொருத்தி சொல்லிக்கொள்ளவில்லை. தான் மட்டும்தான் கொஞ்சம் தாராளமாக விடுகிறோம் என்று ஒவ்வொருத்தியும் நினைத்திருக்கிறாள்.

"அதுல அரை அங்குலம் வரும். அப்பவும் கணக்கு ஒதைக்குதே. இன்னும் ரெண்டு அங்குலம் எங்கேருந்து வந்தது?"

எல்லோரும் கத்திரியையே பார்த்தார்கள். அவள் உட்கார்ந்துவிட்டாள். கம்பெனியில் பதினோரு வருஷம் வெட்டியிருக்கிறாள். யார் போடப் போகிறார்கள் என்று தெரியாத சட்டைகள். தாளில் இருக்கிற அளவு என்னவோ அதுதான். இங்கே பட்டியலில் ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரில் தெரிந்த பெயர் இருந்தது. செங்கல் சுமக்கிறவளின் மூன்று பெண்கள், மீன்காரன் மகன், நேற்றுவரை இடுப்பில் தூக்கித் திரிந்த பிள்ளை. சாக்பீஸால் கோடு போடும்போது கை தன்பாட்டில் இரண்டு அங்குலம் தள்ளிப் போயிற்று. அவளும் யாரிடமும் சொல்லவில்லை.

"நானும் விட்டேன்" என்றாள். "வளர்ற புள்ளைங்களாச்சேன்னு."

ஓவர்லாக் அக்கா குபீரென்று சிரித்தாள். சின்னவள் அழுதுகொண்டே சிரித்தாள். கத்திரிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

அவள் பிழைப்பே அதில் தொங்கிக்கொண்டிருந்தது. கம்பெனி சூப்பர்வைசர் போன வாரம் சொல்லி அனுப்பியிருந்தார்: "கட்டிங் மேசையில ஒரு இடம் காலி. செவ்வாய்க்கிழமை காலைல வேன் உன் தெருமுனையில நிக்கும். ஏறினா வேலை. ஏறலைன்னா வேற ஆளு." விடிவதற்குள் ஏறி, விளக்கு வைத்தபிறகு இறங்குகிற வேன். மகள் விழித்திருக்கும்போது அவளைப் பார்த்த நாட்கள் அந்த வேலையில் இருந்த வரைக்கும் ஞாயிற்றுக்கிழமைகள் மட்டும்தான். குழு தோற்றால் அந்த வேன்தான் கதி.

வீட்டுக்குப் போனதும் புருஷனிடம் சொன்னாள். அவன் சின்ன லோடு வண்டி ஓட்டுகிறவன். நல்லவன், ஆனால் பயந்தாங்கொள்ளி. வண்டிக்கு இருக்கிற நாலு டயரும் ஒரே நாளில் வெடிக்கும் என்று நினைத்தே பாதி ராத்திரி விழித்திருப்பான். அவள் கம்பெனி வேலையை விட்டபிறகு இரண்டு வாரம் அவளோடு சரியாகப் பேசவில்லை.

சுடுசோற்றில் அவித்த முட்டையைப் பிட்டு வைத்துக்கொண்டு அவன் கேட்டான். "கூட இருக்கறத வெட்டி எறிய வேண்டியதுதான?"

"வெட்டலாம். ஒன்றரை நாள்ல முடிஞ்சிரும்."

"அப்புறம் என்ன யோசனை? வெட்டிட்டு நிம்மதியா இரு."

"யோசனை ஒண்ணுமில்ல. வெட்டத்தான் போறேன்."

"நான் சொல்றேன்னு கோவிச்சுக்காத. கம்பெனில தப்பு பண்ணா சூப்பர்வைசர் மட்டும் திட்டுவான், சம்பளம் வந்துரும். இங்க தப்பு பண்ணா ஊரே பார்க்கும். இதத்தான் நான் அன்னிக்கே சொன்னேன்."

"சொன்னீங்க. ஊரே பார்க்கும்னுதான் எனக்கும் பயம்" என்றாள். "ஆனா அங்க பதினோரு வருஷம் சரியாவே வெட்டினேனே, அத யார் பார்த்தாங்க?"

அவன் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினான்.

வெள்ளிக்கிழமை காலையில் வானம் மூடிக்கொண்டிருந்தது. தலைவரிடமிருந்து நர்சம்மாவின் அளவுத் தாளை வாங்கி வந்து சுவரில் ஒட்டினார்கள். அதிகாரி அதை வைத்துத்தான் பார்ப்பார். உடம்பளவுக்கு மேல் எவ்வளவு தளர்வு என்பதும் அதிலேயே அச்சில் இருந்தது. கத்திரி முதல் சட்டையை மேசையில் விரித்துக் கோடு போட்டாள். ஓவர்லாக் அக்கா மெஷினில் தயாராக உட்கார்ந்தாள். "நீ வெட்டிக் குடு. நான் சர்ருனு ஓட்டிடறேன்."

கத்திரிக்கோலைத் திறந்தாள். உள்ளே இருந்த நம்பரைப் பார்த்தாள். செங்கல் சுமக்கிறவளின் மூத்த பெண். இவள் போட்டது இரண்டாமவளுக்கு, அவள் போட்டது கடைக்குட்டிக்கு. கடைக்குட்டி போன வருஷம் முழுக்க முதுகில் ஒட்டுப்போட்ட சட்டையோடுதான் பள்ளிக்கூடம் வந்தாள். வெட்டி எடுக்கிற நாலு அங்குலம் எங்கே போகும்? கம்பெனியில் மாலையானால் வெட்டுத்துண்டை எல்லாம் கூட்டி அள்ளிப் பின்னால் போட்டு எரிப்பார்கள். அந்தப் புகை பதினோரு வருஷம் அவள் தலைமுடியில் இருந்தது.

கத்திரிக்கோலை மூடிவிட்டாள்.

"என்னாச்சு?" என்றாள் ஓவர்லாக் அக்கா.

"வெட்ட வேணாம். மடிச்சு அடிப்போம். கூட இருக்கற துணி அவ்வளவும் உள்ள இருக்கட்டும். பக்கத்துல ரெண்டாவது தையல் உள்ளடங்கப் போடுங்க. கீழயும் கையிலயும் மடிச்சு ஏத்துங்க. தோள்ல ஒரு விரல் உள்ள வாங்கணும். எல்லாம் பெரிய தையலா இருக்கணும். நூல் முனையப் பிடிச்சு இழுத்தா வந்துரணும்."

"அடியேய், அதுக்கு மூணு நாள் பத்தாது."

"பத்தும். கழுத்துல வேலை இல்ல. காலர் அட்டையை வச்சு வெட்டினது, அதுல நம்ம கைவரிசையக் காட்ட முடியல. பாவாடை, கால்சட்டைக்கு இடுப்புல எலாஸ்டிக். நீளம் மட்டும் மடிச்சாப் போதும்."

"அதிகாரி உள்ள திருப்பிப் பார்த்து, இது என்ன மூட்டைன்னு கேட்டா?"

"கேட்டா சொல்லுவோம்."

"வேணாம்னு எழுதிட்டா?"

கத்திரிக்கு வாய் வரைக்கும் ஒரு தைரியமான பேச்சு வந்தது. ஆனால் சொல்லவில்லை. "எழுதினா செவ்வாய்க்கிழமை நான் வேன்ல ஏறிடறேன். அதுக்காக இந்தத் துணிய என்னால வெட்ட முடியல" என்றாள்.

ஓவர்லாக் அக்கா தன் மெஷினுக்குச் சாக்கைப் போட்டு மூடிவிட்டு, பக்கத்து மெஷினில் போய் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்தாள்.

அன்று பத்து மணிக்கு மழை பிடித்தது. பதினொரு மணிக்கு மின்சாரம் போயிற்று. மோட்டார் மெஷின்களில் பெல்ட்டை மாற்றி, காலால் மிதித்தார்கள். சின்னவள் நர்சம்மாவின் தாளைப் பார்த்து ஒவ்வொரு சட்டைக்கும் கோடு போட்டாள். டேப்புக்குள் விரல் விடுகிறாளா என்று ஓவர்லாக் அக்கா ஒரு கண் வைத்திருந்தாள். "ஏய், விரல எடு. விரல எடுங்கறேன்ல!" என்கிற சத்தம் மணிக்கு நாலு தடவை கேட்டது. மத்தியானம் வாசலில் மூன்று கல் வைத்து ஒரே பானையில் சோறு வடித்தார்கள். தக்காளியும் வெங்காயமும் போட்டு ஏதோ ஒரு குழம்பு. வைத்தவளுக்கே அதற்குப் பெயர் தெரியாது. துணியில் கறை படாமல் இருக்க ஒருத்தி ஊட்ட ஒருத்தி தைத்தாள். சனிக்கிழமையும் மின்சாரம் வருவதும் போவதுமாக இருந்தது. பன்னிரண்டு பேருக்கும் கணுக்கால் வீங்கியது. அன்று சாயங்காலம் எண்ணிப் பார்த்தபோது நூற்று நாற்பது முடிந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மருந்தக வாசலில் லோடு வண்டி வந்து நின்றது. கத்திரியின் புருஷன் இறங்கினான். வண்டியிலிருந்து ஒரு மேசை, ஒரு கரிப்பெட்டி இஸ்திரி, அரை மூட்டைக் கரி எல்லாவற்றையும் இறக்கினான். கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு வருஷம் இஸ்திரிக் கடையில் இருந்தவன்.

"என்ன இது?" என்றாள் கத்திரி.

"கரண்ட்டு இல்லைன்னா எதுல தேய்ப்பீங்க? மடிச்சு அடிச்சத தேய்க்காமக் குடுத்தா மூட்டையாத்தான் தெரியும்." அவள் முகத்தைப் பார்க்காமல் கரியை ஊதினான். "வெட்டுறதாத்தான சொன்ன. வெட்டலைன்னு சின்னவ வந்து சொன்னா. என்கிட்ட சொல்லல நீ."

"சொன்னா பயப்படுவீங்கன்னு."

"இப்பவும் பயமாத்தான் இருக்கு" என்றான். "பெட்டி சூடாயிருச்சு. சட்டையக் குடு."

ஓவர்லாக் அக்கா விடுவாளா? "அண்ணே, எங்க குழுவுல ஆம்பளைங்களச் சேர்க்கிறதில்ல. இருந்தாலும் தேய்க்கறதப் பார்த்துட்டு யோசிக்கிறோம்" என்றாள். அன்றைக்கு முழுக்க அவனைப் படுத்தி எடுத்தார்கள். அவனும் தலை நிமிராமல் இருநூற்றுப் பதினாலையும் தேய்த்து முடித்தான். உள்ளே துணி மடிந்திருப்பது வெளியே தெரியவில்லை.

திங்கட்கிழமை பத்து மணிக்கு அதிகாரி மருந்தகத்துக்கு வந்தார். ஐம்பது வயதிருக்கும். மூக்குக்கண்ணாடி, தோளில் ஒரு பை, பையில் சொந்த டேப். சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. கை தூக்காத நாலு உறுப்பினர்களும் முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் இரண்டு முறை தொண்டையைச் செருமினார்.

அதிகாரி அடுக்கிலிருந்து தன் இஷ்டத்துக்கு முப்பது சட்டை உருவினார். அளந்தார், தாளைப் பார்த்தார், டிக் அடித்தார். முப்பதும் சரி. பிறகு ஐந்து பிள்ளைகளைக் கூப்பிட்டுப் போட்டுப் பார்க்கச் சொன்னார். நாலு பேருக்குக் கச்சிதம். ஐந்தாவதாக எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி. வளர்த்தியைப் பார்த்து எல்லோரும் கொக்கு என்று கூப்பிடுவார்கள். அவளுக்குச் சட்டை தோளில் பிடித்தது. கையைத் தூக்கினால் இடுப்பு தெரிந்தது.

முன்வரிசையில் ஒருவர், "அப்பவே சொன்னேன்" என்றார்.

அதிகாரி மறுபடியும் டேப்பை எடுத்தார். சட்டையைக் கழற்றி வாங்கி அளந்தார். தாளைப் பார்த்தார். "தாள்ல இருக்கற அளவு சட்டையில அப்படியே இருக்கு. புள்ளைக்குத்தான் சேரல" என்றார். "எப்ப எடுத்த அளவு இது?"

"அஞ்சு மாசமாச்சுங்க" என்றார் தலைவர். "துணி வாங்கறதுக்கு மேல இருந்து கையெழுத்து வர்றதுக்கே..." என்று ஆரம்பித்து, மேலிடமே எதிரில் உட்கார்ந்திருப்பது ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டார்.

அதிகாரி சட்டையை உள்பக்கம் திருப்பினார். இரட்டைத் தையலையும் கனத்த மடிப்பையும் விரலால் தடவிப் பார்த்தார். "இது என்ன?"

கத்திரி முன்னால் வந்தாள். "தப்புங்க" என்றாள். "அளவு எடுத்தவ வளர்ற புள்ளைன்னு கொஞ்சம் கூட வச்சா. வெட்டின நானும் வச்சேன். தச்சவங்களும் வச்சாங்க. ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கல. வியாழக்கிழமைதான் பார்த்தோம். வெட்டி எறிய மனசு வரல, அதனால உள்ள மடிச்சு அடிச்சிருக்கோம். கம்பெனி அளவுல தருவேன்னு சொன்னது நான்தான். தப்பு என்னோடது."

"எல்லாச் சட்டையிலயுமா?"

"இருநூத்திப் பதினாலுலயும். பாவாடை, கால்சட்டையிலயும்."

"பிரிக்க எவ்வளவு நேரமாகும்?"

"இந்தா" என்று ஓவர்லாக் அக்கா சட்டையை வாங்கிக்கொண்டாள். தோளில் ஒரு நூலை இழுத்தாள். கையில் ஒன்று, பக்கத்தில் ஒன்று, கீழே ஒன்று. கத்திரியின் புருஷன் யாரும் கேட்காமலே இஸ்திரிப் பெட்டியைத் தூக்கினான். அதிகாரிக்குக் கொடுத்திருந்த தேநீர் ஆறுவதற்குள் சட்டை திரும்பி வந்தது. கொக்கு போட்டுக்கொண்டாள். கையைத் தூக்கினாள். இறக்கினாள். இன்னொரு தடவை, தேவையே இல்லாமல், சந்தோஷத்துக்காகத் தூக்கினாள். சட்டை இடுப்பை விட்டு நகரவில்லை.

அதிகாரி இன்னும் இருபது சட்டையைத் திருப்பிப் பார்த்தார். நிதானமாக, ஒவ்வொன்றாக. பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"எங்கம்மா இப்படித்தான் விடுவாங்க" என்றார். "கடையில வாங்கின சட்டை போட ஆரம்பிச்சப்புறம் நான் இதப் பார்க்கவே இல்ல."

பேனாவை எடுத்து எழுதினார். தலைவருக்குப் பொறுக்கவில்லை, எட்டிப் பார்த்து, கடைசி சீட்டு வரைக்கும் கேட்கிற குரலில் வாசித்தார். "அளவு சரி! தையல் நன்று! உள்ளே வளர்வதற்குத் துணி விடப்பட்டுள்ளது! வரும் ஆண்டு முதல் மற்றப் பள்ளிகளுக்கும் இவ்வாறே கேட்டு வாங்கப் பரிந்துரைக்கிறேன்!" வாசித்து முடித்து, முன்வரிசையில் சரியாகக் கேட்டிருக்காது என்று மறுபடியும் முதலிலிருந்து வாசித்தார். நாலு பேரில் ஒருவர் எழுந்து வந்து ஒரு சட்டையை உள்ளே திருப்பிப் பார்த்தார். அவர் பேத்தியும் அதே பள்ளிக்கூடம்தான்.

கத்திரி சுவரோரம் போய் நின்று, மாடு கட்டுகிற வளையம் ஒன்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அவ்வளவு பெருமையை நின்றபடி தாங்குவதற்கு அவளுக்கு அது தேவைப்பட்டது.

செவ்வாய்க்கிழமை விடியற்காலை தெருமுனையில் கம்பெனி வேன் வந்து நின்று ஹாரன் அடித்தது. கத்திரி விழித்தபோது பக்கத்தில் புருஷனைக் காணவில்லை. வாசலுக்கு வந்தாள். அவன் தோளில் துண்டோடு வேன் பக்கத்தில் நின்று டிரைவரிடம் பேசிக்கொண்டிருந்தான்.

"அவ வரமாட்டா. சூப்பர்வைசர்கிட்டச் சொல்லிரு. அடுத்த வருஷம் எத்தனை ஊருக்குத் தைக்கணுமோ, ஆளே பத்தாது. இங்க ஏகப்பட்ட வேலை கிடக்கு."

அவ்வளவு நிச்சயமாக அவன் பேசி அவள் கேட்டதே இல்லை.

வேன் கிளம்பவில்லை. பின்னால் ஒரு ஜன்னல் திறந்தது. கட்டிங் மேசையில் பதினோரு வருஷம் அவளுக்கு எதிரில் நின்றவள் தலையை வெளியே நீட்டினாள். அவளுக்குப் பின்னால் இன்னும் மூன்று முகங்கள் எட்டிப் பார்த்தன.

"அக்கா! சட்டை விஷயம் கேள்விப்பட்டோம். ஆள் பத்தாதுங்கறாரே, நெசமா?"

கத்திரி நடுத்தெருவுக்கு வந்துவிட்டாள். தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டே கேட்டாள்.

"அளவு எடுக்கும்போது டேப்புக்குள்ள விரல் விடுவியா?"

அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "புள்ளைங்களுக்குன்னா விடத்தான் செய்வேன்" என்றாள்.

"அப்ப இறங்கி வா" என்றாள் கத்திரி.